மூன்று அடுப்புக் கம்பெனி

ஒன்றுமே தெரியாதவனை வீட்டில் வைத்துக்கொண்டால் அவனுக்குச் சோறு போடுகிற செலவோடு போய்விடும். எல்லாம் தெரிந்தவன் இருந்தால் ரொம்ப நல்லது. ஆனால் பாதி தெரிந்தவனை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளவே கூடாது. இதை நான் எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன். எங்கள் வீட்டில் அந்தப் பாதி தெரிந்தவன் நான்தான்.

மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே எங்களுக்கு ஒரு சோடா கம்பெனி இருந்தது. கம்பெனி என்பது வாசல் போர்டில் மட்டும்தான். உள்ளே போனால் கையால் சுற்றுகிற ஒரு மெஷின், பாட்டில் கழுவும் தொட்டி, கோலி சோடாவும், கலர் என்கிற இனிப்புச் சோடாவும் அடுக்கிய மரப்பெட்டிகள். அதற்குப் பின்னாலேயே வீடு. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் காலமான பிறகு பெரியண்ணன் மெஷினைச் சுற்றினார். சின்னண்ணன் வண்டியில் சரக்கை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போட்டுவிட்டு வந்தார். தங்கை பங்கஜம் கலர் காய்ச்சினாள். ரோஸ் கலருக்கு எவ்வளவு எஸன்ஸ், எவ்வளவு சர்க்கரை, பாகு எந்தப் பதத்தில் இறக்குவது என்பதெல்லாம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். நான் பி.ஏ. படித்தேன். (குடும்பத்தில் ஒருவனாவது கை அழுக்காகாமல் இருக்க வேண்டாமா?)

படித்து முடித்ததும் தியாகராய நகரில் ஓர் ஆடிட்டரிடம் சம்பளமில்லாமல் வேலை கற்றுக்கொள்ளப் போனேன். தியாகராய நகரே அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. பாதி மனை, பாதி வீடு, நடுவில் மாடுகள். ஆடிட்டர் வெளியே கிளம்புகிற நேரம் பார்த்து அவருடைய தடித்தடிப் புஸ்தகங்களைப் புரட்டுவேன். அவர் திரும்பி வந்ததும் மூடி வைத்துவிடுவேன். என் சட்ட ஞானம் முழுவதும் இப்படிச் சேர்ந்ததுதான். ஆகவே எதிலும் முதல் பக்கம் நன்றாகத் தெரியும்.

முப்பதுகளின் ஆரம்பம் அது. சர்க்காருக்குக் கையில் காசு இல்லை என்று வருமான வரி போடுகிற வரம்பைக் கீழே இறக்கினார்கள். அதுவரை வருமான வரி என்பது மவுண்ட் ரோடு துரைமார்களுக்கும் பெரிய வக்கீல்களுக்கும் வருகிற வியாதி என்று நினைத்திருந்தோம். அந்த வருஷம் அது எங்கள் சோடா கம்பெனிக்கும் வந்துவிட்டது. பெரியண்ணன் நோட்டீஸை வாங்கிப் படித்துவிட்டு, யாரோ செத்துப்போன செய்தி மாதிரி அதை மடித்துக் கவிழ்த்து வைத்தார்.

என் சட்ட ஞானத்தோடு நான் கிளம்பிவிட்டேன். சட்டத்தின் கண்ணுக்குப் பிரியாத குடும்பம் என்பது ஒரே ஆள், அதனால் மொத்த லாபமும் ஒரே ஆளின் வருமானம். அதே அண்ணன் தம்பிகள் சொத்தைப் பிரித்துக்கொண்டு, பங்காளிகளாகச் சேர்ந்து வியாபாரம் நடத்தி, அந்தக் கூட்டு வியாபாரத்தை வரி ஆபீசில் பதிவு செய்துவிட்டால், ஆளுக்கு வருகிற பங்கைத் தனித்தனியாகத்தான் பார்ப்பார்கள். எங்கள் விஷயத்தில் அந்தத் தனித்தனிப் பங்கு வரம்புக்குக் கீழே நின்றுவிடும். வரியே கிடையாது. இதை அண்ணன்களுக்கு வேர்க்கடலையைக் குவித்து வைத்து விளக்கினேன். முதலில் ஒரே குவியல், பிறகு மூன்று குவியல். நான் சொல்லி முடிப்பதற்குள் சின்னண்ணன் தன் குவியலைத் தின்றுவிட்டார். புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

பெரியண்ணன்தான் யோசித்தார். காரணம் பங்கஜம். அவளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. பெற்றவர்கள் போனதில் கல்யாணம் தள்ளிப்போய், அப்போதுதான் தேனாம்பேட்டையில் ஓர் இடம் கூடி வந்துகொண்டிருந்தது. தென்னந்தோப்பு உள்ள குடும்பம், பையன் நல்ல பையன். பையனின் அப்பா சீர் செனத்தி எதையும் கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். பெண் பிரியாத குடும்பத்துப் பெண்ணாக இருக்க வேண்டும். அவருடைய மூத்த மகனுக்குப் பெண் எடுத்த வீட்டில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் தலைப்பிரசவத்துக்கு இவன் செய்வான் என்று அவனும் அவன் செய்வான் என்று இவனும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்களாம். அந்தச் சூடு அவருக்கு ஆறவே இல்லை.

பங்கஜம் அந்தப் பையனைத் தெப்பத்தின்போது ஒரு தடவை பார்த்திருந்தாள். அதற்குப் பிறகு எங்கள் ரோஸ் கலர் இன்னும் கொஞ்சம் சிவந்துவிட்டது. அந்த இடம் அவளுக்கு அமைய வேண்டுமே என்று வீட்டில் எல்லோருக்கும் தவிப்பு.

"இதனால கொயந்தைக்கு ஒண்ணும் ஆவாதே?" என்று பெரியண்ணன் கேட்டார்.

காகிதத்தில் மட்டும்தான் பிரிகிறோம், வெளியே ஈ காக்கைக்குத் தெரியாது என்று சத்தியம் செய்தேன். பத்திரங்கள் எழுதினேன், அண்ணன்கள் கையெழுத்துப் போட்டார்கள், விண்ணப்பம் போயிற்று. ஆபீசர் நேரில் வந்து விசாரிப்பார் என்று பதில் வந்தது.

அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. விசாரணையில் என்ன கேட்பார்கள் என்று ஆடிட்டரின் புஸ்தகத்தில் தேடினேன். உணவு, பூஜை, சொத்து மூன்றிலும் ஒன்றாக இருப்பதே கூட்டுக் குடும்பம் என்று ஒரு பக்கத்தின் அடியில் போட்டிருந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்புவதற்குள் ஆடிட்டர் வந்துவிட்டார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் வியர்த்தது. நாங்கள் சொத்தைத்தான் பிரித்திருக்கிறோம், சோற்றையும் சாமியையும் பிரிக்கவில்லை. ஆபீசர் வந்து ஒரே அடுப்பைப் பார்த்தாரானால் குட்டு உடைந்துவிடும்.

மறுநாளே வீட்டில் மூன்று அடுப்பு போட்டுவிட்டேன். பெரியண்ணிக்குச் சமையலறை, சின்னண்ணிக்குப் பின்கட்டு, பிரம்மச்சாரியான எனக்குப் பாட்டில் கழுவும் தொட்டியின் ஓரம். சாமி மாடத்தையும் பிரித்தேன். பெரியண்ணனுக்கு முருகன், சின்னண்ணனுக்குப் பிள்ளையார், எனக்கு மளிகைக்கடை காலண்டரில் இருந்த லட்சுமி. பங்கஜத்துக்குத் தனி அடுப்பு கிடையாது. அவள் பாகஸ்தர் இல்லை அல்லவா? அவளுக்கு ஒவ்வொரு நாளும் ஓர் அடுப்பு என்று முறை வைத்தேன். (எனக்கு அன்றைக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் காது சிவக்கிறது.)

சின்னண்ணிக்குப் பரம சந்தோஷம். கல்யாணமான நாளிலிருந்து பெரியண்ணியின் புளிப்பையே தின்று வந்தவள், தன் இஷ்டத்துக்குக் காரம் போட்டாள். பெரியண்ணிதான் பாவம். பழக்கதோஷத்தில் எல்லோருக்குமாக உலை வைத்துவிட்டு, பிறகு பானையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எனக்காக ஒரு கிண்ணத்தில் குழம்பு ஊற்றி மறைத்து எடுத்து வந்தாள். சட்ட விரோதம் என்று திருப்பி அனுப்பினேன். அனுப்பிவிட்டு நான் வடித்த சோற்றைத் தின்றேன். மேலே அரிசி, நடுவில் கஞ்சி, அடியில் கரி. என் முறை வந்த நாளில் பங்கஜம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அண்ணா, வரியே கட்டிடலாம்ணா" என்றாள்.

எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. சாந்தோம் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அந்தோணியம்மாவைக்கூட விடவில்லை. வஞ்சிரத்தைச் சமமாக மூன்று பாகம் அறுத்து, மூன்று அடுப்புக்கும் தனித்தனியாகக் காசு வாங்கச் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "மூணு பாகம் சரி தம்பி, தலை யாருக்கு?" என்று கேட்டாள். தலைக்கு நான் பத்திரத்தில் ஏற்பாடு செய்திருக்கவில்லை. அதையும் முறை வைத்துக்கொள்ளலாம் என்றேன். "நல்லாத்தான் கீது உங்க நாயம்" என்று சொல்லிக்கொண்டே கூடையைத் தூக்கினாள். மயிலாப்பூரை முடித்துவிட்டு அவள் தேனாம்பேட்டைப் பக்கம் போகிறவள் என்பது எனக்கு நினைவுக்கு வரவே இல்லை.

விசாரணை நாள் வந்தது. பெரியண்ணன் மெஷினுக்குக் காஸ் வாங்கிவர மவுண்ட் ரோடு போயிருந்தார். வந்துவிடுவார், அதுவரை நீ சமாளி என்று சொல்லிவிட்டுத்தான் போனார். சின்னண்ணன் வண்டியோடு சுற்றிக்கொண்டிருந்தார். அண்ணிமார் இருவரையும் அவரவர் அடுப்பை விட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டு, நான் வாசலில் நின்றேன். ஆபீசர் எப்படி இருப்பார் என்று ஏற்கெனவே மனசுக்குள் வரைந்து வைத்திருந்தேன். கறுப்புக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, குடை, கொஞ்சம் வயசு, ரொம்பக் கடுகடுப்பு.

அச்சாக அப்படியே ஒருவர் ஜட்காவிலிருந்து இறங்கினார்.

சோடா கம்பெனிக்காரர் வீடு இதுதானே, கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது என்றார். விசாரணை என்ற சொல் காதில் விழுந்ததுமே நான் இரண்டாக மடிந்து கும்பிட்டேன். நாற்காலி போட்டேன், ஒரு தம்ளரில் ரோஸ் கலர் ஊற்றிக் கொடுத்தேன். அவர் பாதி குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"நீங்கல்லாம் ஒண்ணாத்தான கீறீங்கோ?"

வலை விரிக்கிறார் என்று புரிந்துகொண்டேன். மாட்டுகிறவனா நான்? இல்லவே இல்லை, துண்டு துண்டாகப் பிரிந்துவிட்டோம் என்று மார்தட்டிச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. நம்பவில்லை போலிருக்கிறது என்று கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைத்துப் போனேன். மூன்று அடுப்பையும் காட்டினேன். மூன்று சாமியையும் காட்டினேன். ஓர் அடுப்பின் சாம்பலை இன்னோர் அடுப்புக்காரர் தொடமாட்டோம் என்றேன். ஒரு வாரமாக அண்ணன் முகத்தை நேருக்கு நேர் பார்க்கவில்லை என்று, கேட்காமலே, ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டேன்.

"வூட்ல ஒரு பொண்ணு கீதாமே. அது எங்க சாப்புடுது?"

"முறை வச்சிருக்கோம் சார்."

"அதுக்குக் கல்யாணம் காட்சின்னா யாரு செய்றது?"

இதற்குத்தான் நான் காத்திருந்தேன். என் பிரிவினை எவ்வளவு சுத்தமானது என்று காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? "அதுக்கு யாருமே பொறுப்பில்லீங்க சார். பத்திரத்துல அந்த மாதிரி ஒரு பாத்தியதையே வைக்கல" என்றேன்.

அவர் கூடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். மீசை துடித்தது. அசந்துபோய்விட்டார் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. வந்தவருக்கு என் வயசுதான் இருக்கும். சட்டையெல்லாம் வியர்வை, கையில் தொப்பி. ஒரு சோடா கிடைக்குமா என்று கேட்டார். பெரிய மனுஷங்க பேசிக்கொண்டிருக்கிறோம், ஒரு சோடாவை எடுத்துக் குடித்துவிட்டு அப்படி ஓரமாக நில்லுங்கள் என்று அவரை விரட்டினேன். அவர் தாமே ஒரு பாட்டிலை எடுத்து, கோலியைத் தட்டி, சத்தமில்லாமல் நின்றபடி குடித்தார்.

கோட்டுக்காரர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "மீன்காரம்மா சொன்னப்போ நான் நம்பல. நேராவே பாத்துட்டேன். உங்க பெரியண்ணன் வந்தா சொல்லு தம்பி. தேனாம்பேட்டைலேர்ந்து பையனோட தகப்பனார் வந்தாரு, இந்த சம்பந்தம் வாணாம்னுட்டுப் போய்ட்டாருன்னு சொல்லு" என்றார்.

அது போதாதென்று, சோடா குடித்தவர் வாயைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து, தாம்தான் வருமான வரி ஆபீசர் என்றார்.

இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். அடுப்பெல்லாம் வெறும் நாடகம், நாங்கள் ஒன்றாகத்தான் இருக்கிறோம் என்று பெரியவர் காலில் விழலாம். ஆபீசர் காதில் விழுந்தால் பத்திரமே பொய் என்று ஆகிவிடும். பிரிந்துவிட்டோம் என்று ஆபீசரிடம் சொல்லலாம். தங்கை கல்யாணம் அதோடு போயிற்று. கதவு மறைவில் பங்கஜம் நின்றிருந்தாள். எஸன்ஸ் பட்டுச் சிவந்த இரண்டு கைகளையும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். என் வாழ்நாளில் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

ஆபீசர் சாதாரணமாகத்தான் கேட்டார், நீங்கள் சேர்ந்திருக்கிறீர்களா, பிரிந்திருக்கிறீர்களா என்று.

"ஆமாங்க" என்றேன்.

பெரியண்ணி கரண்டியோடு வெளியே வந்தாள். அந்நிய ஆண்கள் முன்னால் வந்து நின்று பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பேசினாள்.

"நான் சொல்றேங்க. சொத்தப் பிரிச்சது நெசம். மிசினு, பாட்டிலு, வூடு, எல்லாத்துலயும் ஆளுக்கு இன்னான்னு எழுதி கையெழுத்துப் போட்டது நெசம். இந்த அடுப்புக் கூத்து மட்டும் இவன் வேலை. ஒரு வாரமா இவன் கரிஞ்ச சோறு துன்னுகினு கீறான். அந்தப் பொண்ணு பாதி நாள் பட்டினி. வரி போட்டா போட்டுக்கங்கோ. இன்னிக்கி நான் ஒரே பானைலதான் வடிப்பேன்."

சொல்லிவிட்டு நேராகப் போய், தொட்டியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரை மொண்டு என் அடுப்பில் ஊற்றினாள். கூடம் முழுக்கப் புகை. அந்தப் புகைக்குள்ளிருந்து ஆபீசர் இருமிக்கொண்டே, அடுப்பு எதற்கு என்று கேட்டார். உணவு, பூஜை, சொத்து என்று நான் ஒப்பித்தேன்.

"நான் அடுப்பைப் பார்க்க வரல சார், மெஷினைப் பார்க்க வந்தேன்" என்றார் அவர். "சொத்து ஆளுக்கு இவ்வளவுன்னு பிரிஞ்சிருக்கணும். அது போதும். அப்புறம் நீங்க ஒரே பானைச் சோத்தைச் சாப்பிட்டா சர்க்காருக்கு என்ன ஆட்சேபணை?"

அந்த அடுத்த பக்கத்தில் இருந்தது அதுதான் போலிருக்கிறது. பின்கட்டிலிருந்து சின்னண்ணி எட்டிப் பார்த்தாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒரு வாரக் கரியும் ஒன்றாக என் முகத்தில் அப்பியதுபோல் இருந்தது.

தேனாம்பேட்டைக்காரர் மட்டும் இளகவில்லை. சட்டம் எப்படியோ இருக்கட்டும், தம் கவலை வேறு என்றார். "நாளைக்கு இந்தப் பொண்ணுக்கு ஒரு பிரசவம், ஒரு தீவாளின்னா நான் எந்த அடுப்பாண்ட போய் நிக்கறது?"

பெரியண்ணி கரண்டியோடு என் பக்கம் திரும்பினாள். மூன்று அடுப்பு போட்ட நான் ஆபீசருக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"எங்கிட்ட வந்து நில்லுங்க மாமா."

கதவு மறைவிலிருந்து பங்கஜம் ஓர் அடி வெளியே வந்திருந்தாள். "கலர் காய்ச்சறது நான். கம்பெனில எனக்கும் ஒரு பங்கு எழுதச் சொல்லுங்க. எம் பங்கு எங்கூடவே வரும். அப்புறம் எந்த அண்ணனையும் யாரும் கேக்க வேணாம்."

பெண்கள் பங்காளியாக முடியாதே என்று உடனே சொன்னேன். (யாராவது என் வாயைப் பொத்தியிருக்கலாம்.) யார் சொன்னது என்று ஆபீசர் கேட்டார். எனக்கு அந்தப் பக்கமும் தெரியாது. வயது வந்த யாரும் பங்காளியாகலாம், கூட்டு வியாபார ஒப்பந்தத்தை நாலு பேராக மாற்றி எழுதிக்கொண்டு வாருங்கள், பதிவு செய்து தருகிறேன் என்றார். நாலாகப் பிரிந்தால் ஆளுக்கு வருகிற பங்கு இன்னும் குறையும், உங்களுக்கு அதுவும் லாபம்தானே என்று என்னைப் பார்த்துச் சொன்னார். வேர்க்கடலையை நாலு குவியலாகப் பிரிக்க எனக்கு ஏன் தோன்றவில்லை?

பெரியண்ணன் காஸ் ஏற்றிய கைவண்டியோடு வந்து நின்றபோது, சம்பந்தி ஒரு பக்கம், ஆபீசர் ஒரு பக்கம், நடுவே புகை. பெரியண்ணி நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். அவர் என்னைத் திட்டவில்லை. பங்கஜத்தின் தலையில் கையை வைத்து, "இத மொதல்லயே எழுதியிருக்கணும்" என்றார். அவர் கண் கலங்கியது. புகையால் அல்ல.

பெரியவர் நாற்காலிக்குத் திரும்பி வந்தார். உட்கார்ந்து, குடையைச் சாய்த்து வைத்துவிட்டு, மிச்சம் வைத்திருந்த ரோஸ் கலரை ஒரே மூச்சில் குடித்தார். "இது எம் மருமவ காச்சுனதா?" என்று கேட்டார். மருமகள் என்று அவர் வாயில் வந்துவிட்டது. பெரியண்ணி உலையில் இன்னும் அரிசி போட ஓடினாள்.

ஆபீசர் மெஷினைச் சுற்றிப் பார்த்தார். சாப்பிட மறுத்துவிட்டார். சோடாவுக்குக் காசு வைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார். மற்ற எல்லோரும் ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்டோம். நான் மூன்று தடவை போட்டுக்கொண்டேன்.

கம்பெனி நாலு பங்காகப் பதிவாயிற்று. கல்யாணமும் அமர்க்களமாக நடந்தது. எங்கள் மாட வீதியில், புகுந்த வீட்டுக்குச் சொந்தப் பங்கோடு போன பெண் அவள்தான் என்று பெரியண்ணன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். தினம் காலையில் மாமனாரே அவளை ஜட்காவில் கொண்டுவந்து விடுவார், கலர் காய்ச்சிவிட்டுப் போவாள். அவள் புதிது புதிதாகக் கலர் போடப் போட வியாபாரம் ஏறியது. கடைசியில் நாலு பங்கும் வரம்பைத் தாண்டி, நாலு பேருக்கும் தனித்தனியாக வரி வந்தது. அன்றைக்குப் பங்கஜம் எல்லோருக்கும் பாயசம் வைத்தாள்.

எனக்கு அதன் பிறகு எந்தப் பத்திரத்தையும் தொட அனுமதி இல்லை. வாசலில் புது ஆள் யாராவது வந்து நான் நாற்காலி போட எழுந்தால் போதும், உள்ளேயிருந்து "மொதல்ல யாருன்னு கேளு" என்று ஒரு குரல் வரும். அண்ணிமார் சொல்லி, அண்ணன் பிள்ளைகள் சொல்லி, இப்போது என் பிள்ளைகளே சொல்கிறார்கள். அதற்கெல்லாம் வழி காட்டியவள் பங்கஜம்தான். எனக்குப் பெண் பார்க்க எல்லோருமாகப் போயிருந்தோம். பெண்ணின் அப்பா வாசலுக்கு வந்து எங்களை வரவேற்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பங்கஜம் குறுக்கே வந்து, "இவரு எங்க பி.ஏ. அண்ணன். பேசறதுக்கு முன்னாடி நீங்க யாருன்னு அவருக்குச் சொல்லிடுங்க" என்றாள்.